வதிவிடமும் வழித்தூரமும்

இலங்கையின் உயர்கல்வி வரலாற்றிலே பேராதனை என்னும் பெயர் பெரும்பாலும் அதன் இயற்கை எழிலோடு சேர்த்தே பேசப்படுகின்றது. வளைந்தோடும் மகாவலியும் ஹந்தானை மலைச்சாரலும் அவ்வாறு பேசத் தூண்டுவன என்பதில் ஐயமில்லை. ஆயின் அப்பல்கலைக்கழகம் அங்கு அமைந்தமைக்கு அடிப்படையான எண்ணம் அழகு பற்றியது மட்டுமன்று. மாணவன் எங்கே வாழவேண்டும் என்பது பற்றியதுமாகும். இந்நோக்கில் அதன் வரலாற்றை அணுகியோர் குறைவு.

1921இல் கொழும்பிலே தொடங்கப்பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரி, இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்த நிறுவனமாகும். மாணவர் பலர் வீட்டிலிருந்தோ நகரத்து வாடகை அறையிலிருந்தோ விரிவுரைக்கு வந்து மீள்வோராயினர். சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் 1906 முதலே வேண்டிநின்ற பல்கலைக்கழகம் இத்தகையதன்று. எனவே பல்கலைக்கழகத்தை எங்கே அமைப்பது என்ற வினா எழுந்தபோது, கொழும்பா கண்டியா என்னும் வாதம் ஆண்டுக்கணக்காக நீடித்தது. கண்டியை வேண்டியோர் முதலிற் சுட்டிய இடம் தும்பறைப் பள்ளத்தாக்கு. பேராதனை பின்னரே தெரிவாயிற்று. இடம் பற்றிய போராட்டம் என்று நகைச்சுவையாகக் குறிக்கப்படும் இவ்வாதம், உண்மையில் கல்வி முறை பற்றிய வாதமே எனலாம்.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் வதிவிடக் கொள்கையிலே உறுதியாக நின்றவர். ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் வாழ்ந்து கற்றலே பல்கலைக்கழகம் என்பது அவர் துணிபு. பற்றிக் அபர்குறொம்பி, கிளிபோட் ஹொலிடே ஆகியோரின் திட்டத்தையொட்டி, ஷெர்லி டி அல்விஸ் என்னும் கட்டடக் கலைஞரின் கைவண்ணத்தால் மண்டபங்கள் எழுந்தன. 1952இல் கலைப்பிரிவு கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பெயர்ந்தது.

இம்முறை ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் மரபின் போலி என்றும், செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரிய சொகுசு என்றும் குறைகூறப்பட்டதுண்டு. மேசை விரிப்பு, முள்கரண்டி முதலியவற்றை மட்டும் நோக்கின் அக்கூற்றிலே உண்மை இல்லாமலில்லை. ஆனால் அது பாதி உண்மையே. 1945இன் இலவசக் கல்வியும் மத்திய மகாவித்தியாலயங்களும் உருவாக்கிய கிராமத்து மாணவன் பேராதனையை எட்டியபோது, கொழும்பிலே உறவினர் வீடோ வாடகைப் பணமோ இல்லாத அவனுக்கே மண்டபத்து அறை பெரிதும் உதவியது. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ பெண்மக்களை அனுப்பிய பெற்றோர்க்கு, ஹில்டா ஒபேசேகர மண்டபமும் சங்கமித்தா மண்டபமும் தந்த நம்பிக்கை சிறிதன்று. கனவான்களுக்கென இறக்குமதியான ஏற்பாடு, தூரத்தால் மிகுதியாக வருந்தியவர்க்கே மிகுதியாகப் பயன்பட்டமை வரலாற்றின் விந்தைகளில் ஒன்று.

வதிவிடம் அளித்தது உறங்க இடம் மட்டுமன்று, மாலைப்பொழுதையும் அளித்தது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவரைக் கொண்டு கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் முதலிய கூத்துகளை மேடையேற்றியமை ஈழத்து நாடக வரலாற்றிலே திருப்புமுனையாகக் கருதப்படுகின்றது. ஆட்டமும் தாளமும் நாட்கணக்கிற் பயிலவேண்டிய கலை கூத்து. ஐந்து மணிப் பேருந்தை எண்ணிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவனால் அதனைப் பயிலல் எளிதன்று. வாத விவாதங்கள், சங்கங்கள், இத்தகைய இதழ்கள் யாவும் அந்த மாலைப்பொழுதின் விளைச்சலே.

ஆனால் வதிவிடத்துக்கு வெளியே இன்னொரு வரலாறு ஓடிக்கொண்டிருந்தது. 1867இல் கண்டியை அடைந்த புகையிரதப் பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1880இல் மாத்தளைக்கும், 1884இல் ஹற்றனுக்கும் நீண்டது. கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதற்கென இடப்பட்ட அப்பாதையே, தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுள் ஒரு சிலருக்கு இடைநிலைக் கல்விக்கான வழியாயிற்று. தோட்டப் பாடசாலைகள் இலவசக் கல்வித் திட்டத்துக்குப் புறத்தே நின்றன. 1970களிலேதான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதுவரை அவற்றுட் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்போடு நின்றன. ஆறாம் வகுப்பு என்பது அப்பிள்ளைக்கு ஒரு வகுப்பு மட்டுமன்று, ஒரு பயணமுமாயிற்று. லயத்திலிருந்து தெருவுக்கு மலைப்பாதையால் இறங்கி, அங்கிருந்து பேருந்தோ புகையிரதமோ பிடித்துப் பட்டினத்துப் பாடசாலையை அடைதல் வேண்டும். பேராதனை வாயிலை எட்டாமலே எத்தனை பேர் அவ்வழியில் நின்றுபோயினர் என்பதை எந்தப் பதிவேடும் கணக்கிட்டதில்லை.

1958இல் பேருந்துச் சேவை தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. குறைந்த கட்டணத்திற் கிடைத்த மாணவர் பருவச்சீட்டு, சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பெரும் துணையாயிற்று. அதே காலத்தில் பல்கலைக்கழகமும் விரிந்தது. 1960 முதல் தாய்மொழி மூலம் பட்டப்படிப்பு நடைபெறலாயிற்று. 1961இல் விஞ்ஞான பீடமும் 1962இல் மருத்துவ பீடமும் பேராதனையில் எழுந்தன. 1964இல் பொறியியற் பீடம் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தது. மாணவர் பெருகிய வேகத்தில் மண்டபங்கள் பெருகவில்லை. அறைகளில் நெருக்கம் மிகுந்தது. இடம் கிடையாதோர் அயலூர் வாடகை அறைகளை நாடினர், அல்லது வீட்டிலிருந்தே வரலாயினர். மருத்துவ மாணவரோ மண்டபத்தில் வாழ்ந்தும் நோயாளர்களைக் கண்டு கற்பதற்குக் கண்டி மருத்துவமனைக்குச் செல்லவேண்டியிருந்தது. பேராதனைப் போதனா வைத்தியசாலை 1980இலேதான் தோன்றியது.

இடம் போதாதவிடத்து வீடு அண்மையிலுள்ளோர் முதலில் விலக்கப்படுதல் இயல்பு. ஆயின் மலைநாட்டிலே தூரக் கணக்கு வேறு, காலக் கணக்கு வேறு. மாத்தளை கண்டியிலிருந்து 26 கிலோமீற்றர் மட்டுமே; ஆனால் கண்டியிலே வண்டி மாறிப் பேராதனையை அடைவதற்குள் காலைப்பொழுதிற் பெரும்பகுதி கழிந்துவிடும். படத்திலே கோடிட்டு அளப்பவர்க்கு இது விளங்குவதில்லை. கண்டி நகரின் அமைப்பும் இதற்கு ஒரு காரணம். மலைகளும் வாவியும் சூழ்ந்த சிறு நிலத்துக்குள் தலதா மாளிகை, சந்தை, மருத்துவமனை, பெரும் பாடசாலைகள் யாவும் நெருங்கி நிற்கின்றன. 1998 ஜனவரியில் தலதா மாளிகை தாக்குதலுக்கு உள்ளானபின் அதன் முன்னுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டமை, மற்றைய வீதிகளின் நெரிசலை மேலும் கூட்டியது. அதன் விலையைப் பாடசாலைப் பிள்ளைகளும் பல்கலைக்கழக மாணவரும் காலைதோறும் செலுத்தினர்.

1980இல் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பெற்று, அதன் கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் அமைந்தது. மாணவனை நூலிடம் கொண்டுவந்து குடியேற்றியது பேராதனை. நூலை மாணவனின் வீட்டுக்கு அனுப்ப முயன்றது பொல்கொல்லை. ஒரே நகரின் அயலில், ஒரே இடருக்கு இருவேறு விடைகள். எனினும் வார இறுதி வகுப்புக்கென, தொழில்புரிந்த ஆசிரியரும் எழுதுவினைஞரும் ஹற்றனிலும் நாவலப்பிட்டியிலும் விடியுமுன் எழுந்து, அதே பாதையிலே கண்டி நோக்கி வரலாயினர்.