கம்பத்தடியில் பிறந்த வைத்தியம்

ஐடிஐ எலக்ட்ரீஷியன் வகுப்புச் சுவரில் முன்பெல்லாம் ஒரு படம் தொங்கும். ஒருவன் குப்புறக் கிடப்பான். இன்னொருவன் அவன் இடுப்பருகே மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் முதுகை அழுத்திக்கொண்டிருப்பான். ஷாக் அடித்தவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கீழே தமிழில் விளக்கம். துணை மின்நிலையங்களிலும் இப்படி ஒன்று இருக்கும். மாட்டச் சொன்னது 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள். முதல் வாரத்திலேயே இதைப் பாடமாக நடத்துவார்கள். பார்க்க உடம்பு பிடித்துவிடுவது போல இருப்பதால் பையன்கள் சிரிப்பார்கள்.

அந்த முறை மின்சாரத்துக்காகப் பிறந்ததே அல்ல. நீரில் மூழ்கியவர்களுக்கு மூச்சு வரவழைக்க, எட்வர்ட் ஷேஃபர் என்ற பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் 1903-இல் வகுத்தது. ஷாக் வாங்கியவனுக்கும் மூச்சு நிற்கிறதே என்று அதையே இரவல் வாங்கி மாட்டிவிட்டார்கள். மின்சாரக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு வைத்தியம் தேடிப்போனது தனிக்கதை. இன்று ஆம்புலன்ஸ்காரர் செய்கிற சிபிஆர், பாதிக்குப் பாதி அந்தத் தேடலின் பிள்ளை.

1889 அக்டோபரில் நியூயார்க்கில் ஜான் ஃபீக்ஸ் என்ற லைன்மேன், தெருவே வேடிக்கை பார்க்க, கம்பிக் கூட்டத்தில் சிக்கி உயிர்விட்டார். தந்திக் கம்பி என்று நம்பித் தொட்டதில் மின்சாரம் கசிந்திருந்தது. 1891-இல் செயின்ட் லூயிஸ் நகரில் மின் தொழிலாளர்கள் சங்கம் கட்டினார்கள். அதன் முதல் தலைவர் ஹென்றி மில்லரும் லைன்மேன்தான். 1896-இல், வாஷிங்டனில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஷாக் அடித்துக் கீழே விழுந்து செத்தார்.

மருத்துவர்களைக் குழப்பியது வேறு. சில உடல்களில் தீக்காயம் இல்லை, எலும்பு முறியவில்லை. ஆனாலும் ஆள் போய்விட்டான். குற்றவாளி இதயத்துக்குள் இருந்தது. மார்பு வழியாக ஒரு 100 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே போதும், இதயத் தசை தாளம் கெட்டு, ஒவ்வொரு இழையும் தன்பாட்டுக்குத் துடிக்கத் தொடங்கிவிடும். நம் வீட்டு 60 வாட் குண்டு பல்பு எடுப்பது அதைப்போல இரண்டரை மடங்கு! வெளியே பார்த்தால் இதயம் அசைகிறது. ஆனால் ரத்தம் ஒரு சொட்டு நகராது. நாலைந்து நிமிடத்தில் மூளை பாழாகத் தொடங்கும். முதுகை எவ்வளவு அழுத்தி என்ன பயன்?

1899-இலேயே ஜெனீவாவில் பிரேவோ, பட்டெல்லி என்ற இருவர் நாய்களை வைத்து ஒரு விசித்திரத்தைக் கண்டிருந்தார்கள். சின்ன ஷாக் இதயத்தைத் தாறுமாறாக்குகிறது. பெரிய ஷாக் அதே இதயத்தை நேராக்குகிறது. முள்ளை முள்ளால் எடுக்கும் இந்தச் சங்கதியை வெகுகாலம் யாரும் பொருட்படுத்தவில்லை.

1920-களில் அமெரிக்க மின் நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. ஆள் சாகச் சாகத் தொழில் எப்படி வளரும்? ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தார்கள். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அதை எடுத்துக்கொண்டவர்களில் வில்லியம் கோவன்ஹோவன் டாக்டர் அல்ல, மின்பொறியியல் பேராசிரியர். 1933-க்குள் அவரும் மருத்துவத் தோழர்களும் நாய்களின் இதயத்தை எதிர் ஷாக் கொடுத்து மீட்டிருந்தார்கள். ஆனால் மனிதருக்கு வந்தபோது மார்பைக் கிழித்து, இதயத்தின் மேலேயே தகடு வைக்க வேண்டியிருந்தது. 1947-இல் கிளீவ்லாந்தில் கிளாட் பெக் ஒரு சிறுவனை அப்படித்தான் பிழைக்க வைத்தார். ஆபரேஷன் தியேட்டரில் அது சரி; கம்பத்தடியில் யார் மார்பைக் கிழிப்பது? கோவன்ஹோவன் மாரைத் திறக்காமலே ஷாக் கொடுக்கும் கருவிக்காக விடாமல் உழைத்தார். 1950-களின் பிற்பாதியில் அது தயாரானது.

உண்மையான பரிசு அந்தக் கருவியின் பக்கவாட்டில் ஒளிந்திருந்தது. 1958 வாக்கில் கை நிக்கர்பாக்கர் என்ற மாணவர், அவரும் மின்பொறியியல்காரர்தான், ஒன்றைக் கவனித்தார். கனமான தகடுகளை நாயின் மார்பில் வைத்து அழுத்தும்போதே, ஷாக் கொடுப்பதற்கு முன்னால், ரத்த அழுத்தமானி லேசாக ஏறுகிறது. வேறொருவராக இருந்தால் கருவிக் கோளாறு என்று விட்டிருப்பார். ஒருநாள் ஒரு நாயின் இதயம் தாறுமாறானபோது கருவி வேறொரு தளத்தில் இருந்தது. அது வந்து சேரும்வரை மார்பை மாறி மாறி அழுத்திக்கொண்டே இருந்தார்கள். நாய் பிழைத்தது. (இந்தக் கதையில் எத்தனை நாய்கள் பிழைக்கவில்லை என்பதையும் மனம் கேட்கத்தான் செய்கிறது.)

அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட் சேர்ந்தார். 1960 ஜூலையில் மூவரும் வெளியிட்ட கட்டுரையில் 20 நோயாளிகள்; 14 பேர் பிழைத்திருந்தார்கள். தேவை இரண்டு கைகள் மட்டுமே என்பதுதான் அதன் சாரம். அதே பால்டிமோரில் பீட்டர் சாஃபர் என்ற மயக்கமருந்து நிபுணர் இன்னொரு பாதியை முடித்திருந்தார். மருந்தால் தசை தளரவைத்த தன்னார்வலர்களை வைத்துச் சோதித்து, குப்புறப் போட்டு முதுகை அமுக்கினால் தொண்டை அடைத்துக் காற்றே சரியாகப் போவதில்லை, தலையைப் பின்னால் சாய்த்து வாயோடு வாய் வைத்து ஊதினால் போகிறது என்று காட்டினார். சுவர்ப் படத்துக்கு அன்றே ஆயுள் முடிந்தது. அழுத்துவதும் ஊதுவதும் ஒன்றாயின. அதைப் பழக, நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்முண்ட் லார்டால் 1960-இல் ஆளுயரப் பொம்மை ஒன்றைச் செய்துகொடுத்தார். 1969-இல் கோவன்ஹோவனுக்கு அவருடைய பல்கலைக்கழகமே கௌரவ மருத்துவப் பட்டம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 83.

லைன்மேன்களுக்குக் கணக்குத் தீர்ந்த நாள் ஒன்று உண்டு. 1967 ஜூலை, ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில். 4,000 வோல்ட்டுக்கு மேலான கம்பி பட்டு, ராண்டல் சாம்பியன் என்பவர் இடுப்புப் பட்டையில் தலைகீழாகத் தொங்கினார். தோழர் ஜே. டி. தாம்ப்சன் ஏறிப்போய், கம்பத்தின் மேலேயே வாயில் ஊதினார். நாடி வந்தது. ராக்கோ மொராபிட்டோ எடுத்த அந்தப் படம் மறு ஆண்டு புலிட்சர் பரிசு வாங்கியது. சாம்பியன் அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்.

இன்று 108 ஊழியர் பழகுவதும் வயர்மேன் பழகுவதும் ஒரே பாடம்: நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஒரு வரியில் மட்டும் வித்தியாசம் உண்டு. பொம்மையைத் தரையில் கிடத்தி, "ஆள் விழுந்து கிடக்கிறான், முதலில் என்னடா செய்வே?" என்று வாத்தியார் கேட்பார். ஆர்வக்கோளாறில் பாய்ந்து நெஞ்சில் கை வைப்பவனுக்குத் திட்டு விழும். பின்வரிசைப் பையன் சொல்வான்: "மெயினை ஆஃப் பண்ணணும், சார்."