ஆலன் கீ வந்த வழி

பிரித்து அனுப்பி வீட்டில் பூட்டிக்கொள்ளும் மரச்சாமான் 19ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. வியன்னாவின் தோனெட் நிறுவனம் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலி 6 மரத்துண்டுகளும் 10 ஸ்க்ரூக்களும் 2 நட்டுகளும் சேர்ந்தது. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின.

இன்று இத்தகைய சாமான்களோடு வரும் ஆலன் கீ பிறந்ததோ தொழிற்சாலையில். அங்கே சுழலும் ஷாஃப்டில் கப்பியை இறுக்கிய ஸ்க்ரூக்களின் சதுரத் தலை வெளியே துருத்தி நிற்கும். தொழிலாளியின் உடை அதில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். தலையை உள்ளே புதைத்து, அறுகோணக் குழியில் சாவியிட்டுத் திருகும் ஸ்க்ரூவைத் தயாரிக்கும் முறைக்கு அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஆலன் 1910இல் காப்புரிமை பெற்றார். உயிர்காக்க வந்த கருவி என்பதே அதன் பெருமை.

1950களில் ஸ்வீடனின் ஐக்கியா பிரித்து அடுக்கும் சாமான்களை விற்கத் தொடங்கியது. பின்னாளில் ஆலன் கீ அதன் அடையாளமாகவே ஆனது.

இச்சாமான்களைப் பூட்டும்போது ஸ்க்ரூடிரைவரில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 1930களின் பிலிப்ஸ், 1960களின் போஸிடிரைவ் ஆகிய இரு சிலுவைத் தலை ஸ்க்ரூ வகைகளும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். தலையில் சிலுவையின் கைகளுக்கு இடையே மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது போஸிடிரைவ். பிலிப்ஸ் முனை அதில் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும்.

இச்சாமான்களின் பார்ட்டிகிள் போர்டில் ஸ்க்ரூ பிடிக்காமல் தளர்ந்த துளைக்கு மரப்பசை தோய்த்த மரச்சிம்பைச் செருகி, நன்றாகக் காய்ந்த பிறகே மீண்டும் ஸ்க்ரூவை இறுக்க வேண்டும்.