சுடாத செங்கல்லும் குடிபெயராத மக்களும்: எகிப்தின் புதிய கூர்னா சிற்றூர்

திறவுச்சொற்கள்: மண் கட்டடக்கலை, சுடாத செங்கல், ஹசன் ஃபாத்தி, நூபிய வளைகூரை, குடிபெயர்ப்பு

முன்னுரை

மண்வீடு குறித்து 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த ஆய்வுகள் பலவும் புதிய கூர்னா என்னும் சிற்றூரை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றன. எகிப்தின் லக்சர் நகருக்கு எதிரே, நைல் ஆற்றின் மேற்குக் கரையில், கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தி (1900–1989) 1946 முதல் சுடாத செங்கல்லால் எழுப்பிய ஊர் அது. ஏறத்தாழ 7,000 பேருக்கெனத் திட்டமிடப்பட்ட அவ்வூரில் ஒரு சிறு பகுதியே கட்டி முடிக்கப்பட்டது. யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்களுள் பெரும்பாலோர் அங்குக் குடியேறவில்லை. ஆயினும், அம்முயற்சியைப் பற்றி ஃபாத்தி 1969-இல் வெளியிட்ட நூல், 1973-இல் 'ஏழைகளுக்கான கட்டடக்கலை' என்னும் பொருள்படும் தலைப்பில் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்து, உலகெங்கும் கட்டடக்கலை மாணவர்களின் கைகளில் சேர்ந்தது.

மக்கள் குடியேறாமைக்கு இரண்டு விளக்கங்கள் பரவலாகக் கூறப்படுகின்றன. அவர்கள் மண்ணை வறுமையின் அடையாளமாகக் கருதி ஒதுக்கினர் என்பது ஒன்று. அலுவலரின் மெத்தனமும் ஊர்ப் பெரியோரின் தன்னலமும் திட்டத்தைக் கெடுத்தன என்பது மற்றொன்று. இது ஃபாத்தியின் நூலிலிருந்தே பெறப்படுவது. முதல் விளக்கம் எளிதில் மறுக்கத்தக்கது: பழைய கூர்னாவின் வீடுகளும் மண்வீடுகளே. இரண்டாவது ஓரளவு உண்மையெனினும் போதுமானதன்று. மண்சுவர் நிலைப்பது அதைத் தொடர்ந்து பூசிப் பேணும் கையால். கட்டுவோர், உடைமையாளர், பேணுவோர் ஆகியோர் ஒரே குடும்பத்தினராக இருந்த ஏற்பாட்டைப் புதிய கூர்னா குலைத்தது என்பதும், அவ்வேற்பாட்டுக்கு அடிப்படையான வண்டல் மண்ணே பின்னர் அருகிப்போயிற்று என்பதும் இக்கட்டுரையில் முன்வைக்கப்படுகின்றன.

மரமில்லாக் கூரை

ஃபாத்தி 1930-களிலேயே மண்வீட்டு வடிவங்களை வரைந்து, 1937-இல் காட்சிக்கும் வைத்தவர். எனினும் அவரை நூபியாவுக்குக் கொண்டுசென்றது போர்க்காலத் தட்டுப்பாடேயாகும். சுவருக்குச் சுடாத செங்கல் போதும். சிக்கல் கூரையில் இருந்தது. 2ஆம் உலகப் போரின்போது வெளிநாட்டு மரமும் இரும்பும் எகிப்துக்கு வருவது அருகியது. வளைகூரை அமைத்தால் விட்டம் தேவையில்லை. ஆனால் வளைவு முடியும்வரை அதைத் தாங்கி நிற்கும் சாரத்துக்கே மரம் வேண்டும். சாரமின்றி அவர் முயன்ற வளைகூரைகள் சரிந்து வீழ்ந்தன. நூபியர்கள் சாரமின்றியே வளைகூரை கட்டுகின்றனர் என்று அஸ்வானில் பணியாற்றிய அவருடைய தமையனார் தெரிவித்தார். 1941-இல் அங்குச் சென்ற ஃபாத்தி, கர்ப் அஸ்வான் என்னும் ஊரில் அத்தகைய வீடுகளை நேரில் கண்டார்.

அம்முறை விரிவாக நோக்கத்தக்கது. அறையின் ஒரு முனைச் சுவரைப் பக்கச் சுவர்களைவிட உயரமாக எழுப்புவர். கொத்தர் அதன்மீது வளைவின் வடிவை ஈரமண்ணால் கண்ணளவிலேயே அமைப்பார். முதல் வரிசைச் செங்கற்கள் அச்சுவரில் சாய்த்து ஒட்டப்படும்; அடுத்த வரிசை முதல் வரிசைமீது சாயும். ஒவ்வொரு வளையமும் தனக்கு முந்தையதன்மீது சாய்ந்து நிற்பதால் கீழிருந்து எதுவும் தாங்க வேண்டியதில்லை. இதற்கான செங்கல்லும் தனியே அறுக்கப்பட்டது: 25 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனம். எடையைக் குறைக்க வைக்கோல் மிகுதியாகச் சேர்த்தனர். ஈரச் சாந்து பற்றிக்கொள்ளும்படி செங்கல்லின் ஒரு முகத்தில் விரல்களால் பள்ளங்களை இழுத்தனர். வளைவின் வடிவம் அரைவட்டமன்று; பரவளையத்தை ஒத்தது. அதனால் கூரையின் எடை அழுத்தமாகவே சுவருக்கு இறங்குகிறது. மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. பொறியாளர் கணக்கிட்டு அடையும் இவ்வடிவத்தை அக்கொத்தர்கள் கைப்பழக்கத்தில் வைத்திருந்தனர்.

கூர்னாவுக்கு அருகிலேயே, கி.மு. 13ஆம் நூற்றாண்டில் 2ஆம் ராம்செஸ் எழுப்பிய ராமேசியம் கோயிலின் களஞ்சியங்கள் உள்ளன. சுடாத செங்கல்லாலான அவற்றின் வளைகூரைகளுள் சில இன்றும் நிற்கின்றன. ஃபாத்தி இவற்றைத் தம் முறையின் தொன்மைக்குச் சான்றாகக் காட்டினார். இச்சான்றைக் கவனத்துடன் கையாள வேண்டும். பண்டைக் களஞ்சியம் அப்பகுதியில் நிற்பதால் அங்கு வாழ்ந்த உழவரின் வீட்டு மரபும் அதுவே என்று ஆகிவிடாது. மேல் எகிப்தின் ஊர்களில் பேரீச்சந் தண்டுகளை விட்டமாக இட்டு, மட்டையும் நாணலும் பரப்பி, மண் பூசிய தட்டைக் கூரையே வழக்கம். புதிய கூர்னாவின் வளைகூரைகளைக் கட்டிய கொத்தர்களோ ஏறத்தாழ 200 கி.மீ. தெற்கிலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள். நூபியாவிலும் இது எங்கும் நிலவிய வழக்கன்று. வடபகுதிக் கெனூசி மக்களிடம் வளைகூரையும், தெற்கிலிருந்த ஃபதிஜா மக்களிடம் தட்டைக் கூரையும் வழங்கின.

நுட்பங்கள் ஊர்விட்டு ஊர் செல்வது இயல்பே. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லின் மண் கட்டட நிறுவனம் இதே நூபிய முறையை ஏற்று, அழுத்திய மண்கட்டிகளால் வளைகூரைகளைக் கட்டி வருவது தமிழ் ஆய்வாளர் அறிந்ததே. ஆனால் கூர்னா மக்களுக்கு அவர்களுடைய மரபு என்ற பெயரால் வழங்கப்பட்டது அவர்கள் அறியாத ஒரு கூரை.

குன்றின்மேல் வாழ்வு

பழைய கூர்னா என்பது தீப்சு நகரத்துப் பெருமக்களின் கல்லறைகள் குடையப்பட்ட குன்றின்மீது பரவியிருந்த ஐந்து குடியிருப்புகளின் தொகுதி. கல்லறை வாயில்களையொட்டி வீடுகள் எழுந்திருந்தன. முற்றங்களில் மண்ணாலேயே வனைந்த குதிர்களும் உறங்குமேடைகளும் இருந்தன. 1881-இல் தைர் எல்-பஹ்ரியில் அரச உடல்களின் மறைவிடம் வெளிப்பட்டது முதல் கூர்னா மக்கள்மீது கல்லறைத் திருடர் என்னும் முத்திரை பதிந்தது. 1940-களில் பாறைச் சிற்பம் ஒன்று பெயர்த்துத் திருடப்படவே, ஊரையே அகற்றுவதென்று அரசு முடிவு செய்தது. கீழே வயல்வெளியில் 50 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டு, ஊரமைக்கும் பொறுப்பு ஃபாத்தியிடம் ஒப்படைக்கப்பட்டது.

இத்தொடக்கமே திட்டத்தின் தன்மையைத் தீர்மானித்தது எனலாம். வீடு கேட்டு மக்கள் வரவில்லை; அவர்களை அகற்றுவதற்காக வீடு கட்டப்பட்டது. குன்றில் வாழ்ந்தோர் அனைவரும் திருடரல்லர். அகழாய்வுக் கூலிகள், வழிகாட்டிகள், பழம்பொருள் மாதிரிகளைச் செதுக்குவோர், உழவர் எனப் பலர் இருந்தனர். இவர்களுட் பலரின் வருவாய் குன்றோடு பிணைந்திருந்தது. திமத்தி மிட்செல் 2002-இலும் கீஸ் வான் டெர் ஸ்பெக் 2011-இலும் வெளியிட்ட ஆய்வுகள் இம்மக்களின் தரப்பை வெளிக்கொணர்ந்தன. ஃபாத்தி ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி வடிவம் வரைய விரும்பினார். தம் வீட்டைக் கட்டுவதில் மக்களே பங்குகொள்ள வேண்டும் என்றும் எழுதினார். நடைமுறையில் தொல்லியல் துறையின் கணக்கில் வேலை நடந்தது. வெள்ளக் காலத்தில் புதிய ஊரைக் காத்து நின்ற கரை வெட்டப்பட்டதையும் அவரே பதிவுசெய்கிறார். மசூதி, சந்தை, அரங்கு, பள்ளிகள், ஒரு பகுதி வீடுகள் என்ற அளவில், 1940-களின் இறுதியில் பணி நின்றது.

குவிமாடமும் மேல்மாடியும்

குவிமாடம் எகிப்திய உழவருக்கு இறையடியாரின் அடக்கத்தலத்தை நினைவூட்டியதால் அதனடியில் வாழ அவர்கள் தயங்கினர் என்று பலரும் எழுதியுள்ளனர். இவ்விளக்கம் சுவையானது, அதனாலேயே அளவுக்கு மீறி மேற்கோள் காட்டப்பட்டது போலும். பின்னாளில் அவ்வீடுகளில் குடியேறியோர் செய்த மாற்றங்கள் வேறொன்றைக் காட்டுகின்றன. அவர்கள் குவிமாடத்தை நீக்கித் தட்டைக் கூரையிட்டு, அதன்மேல் தளம் எழுப்பினர். மேல் எகிப்தில் மகனுக்கு மணமாகும்போது வீடு மேல்நோக்கி வளர்வது வழக்கம். விறகும் தானியமும் கோழிக் கூண்டும் கூரைமேல்தான் இடம்பெறும். வளைந்த கூரை இவை எதற்கும் இடந்தராது. முழுமையான கலைப்படைப்பாக வரையப்பட்ட வீட்டில் அடுத்த தலைமுறைக்கான அறை வரையப்படவில்லை. மண்ணை மறுக்காமலே கூரையை மறுத்தோரின் முடிவு இவ்வகையில் பொருளியல் முடிவாகும்.

வண்டல் நின்ற பின்

மண் காலடியில் விலையின்றிக் கிடைக்கிறது என்பது மண்வீட்டு ஆர்வலர் முன்வைக்கும் முதல் வாதம். எகிப்தில் அக்கூற்றுக்கு ஒரு காலவரம்பு உண்டு. ஆண்டுதோறும் வெள்ளம் கொணர்ந்த வண்டலே அந்நாட்டுச் செங்கல்லின் மூலப்பொருள். எடுத்த மண்ணை ஆறு ஈடுசெய்தது. 1970-இல் நிறைவுற்ற அஸ்வான் உயர் அணை அவ்வண்டலைத் தேக்கத்திலேயே நிறுத்தியது. அதன்பின் செங்கல்லுக்கு மண் வெட்டுவது வயலை அழிப்பதாயிற்று. விளைநிலத்தின் மேல்மண்ணை அகழ்வதை 1983-இல் சட்டம் தடைசெய்தது. ஆண்டு முழுவதும் பாயும் பாசனத்தால் நிலத்தடி நீர் உயர்ந்து, உப்பு ஊறி, புதிய கூர்னாவின் சுவரடிகளை அரித்தது.

அதே அணை நூபியாவையும் மூழ்கடித்தது. 1963–64-இல் ஏறத்தாழ 50,000 எகிப்திய நூபியர் கோம் ஓம்போ பகுதிக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். வளைகூரையைக் காத்துவந்த கெனூசி மக்களுக்கும் அங்கு அரசு அளித்தவை வரிசை வரிசையான தட்டைக் கூரை வீடுகள். கர்ப் அஸ்வான் அணைக்கு வடக்கே அமைந்திருந்ததால் தப்பியது.

பழைய கூர்னா அதன்பின்னும் குன்றின்மேல் நீடித்தது. 2006-இன் இறுதியில் தொடங்கிய இடிப்புப் பணியில் அதன் மண்வீடுகள் சிலவற்றைத் தவிர ஏனையவை புல்டோசரால் அகற்றப்பட்டன. மக்கள் வடக்கே அரசு கட்டிய குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். அப்பணி நடந்துவந்த ஆண்டுகளில்தான் புதிய கூர்னா அழிவின் விளிம்பிலுள்ள மரபுச் சின்னமாக 2010-க்கான உலக நினைவுச்சின்னக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இடிக்கப்பட்ட வீடுகளும் காக்கப்படும் வீடுகளும் 1979-இல் யுனெஸ்கோ அறிவித்த பண்டைய தீப்சு உலக மரபுரிமைப் பகுதியின் ஒரே எல்லைக்குள் அமைந்தவை.