ஈயத்தில் பிறந்த எழுத்து

ஆவடியிலும் அம்பத்தூரிலும் வாழும் தோழர்களே! அச்செழுத்தின் வரலாற்றைக் காட்டும் கண்காட்சி காண வேண்டுமா? பூவிருந்தவல்லியினின்று நகர் நோக்கிச் செல்லும், இன்று பெரியார் பெயர் தாங்கிய, அந்த நெடுஞ்சாலை வழியே வேப்பேரி வரை வாருங்கள். கண்ணாடிப் பேழை இல்லை. நுழைவுச் சீட்டும் இல்லை. ஆயினும் காண வேண்டிய கதை அங்கே உண்டு.

"எழுத்து தெய்வீகம், அதன் வடிவிலே கை வைக்காதே!" என்று பதறினர் பழமையாளர். கை படாத எழுத்தா அது? ஓலை கிழியுமே என்று அஞ்சி, புள்ளியையே விட்டுவிட்டு எழுதினர் நம் முன்னோர். எகர ஏகார வேற்றுமை காட்டக் கொம்பைச் சுழித்தவர், இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர்!

1578-இல் கொல்லத்திலே, அன்ரிக்கு அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க நூலைத் தமிழ் எழுத்திலே அச்சிட்டார். பின்னர் 1713-இல், செர்மனியின் ஆல்லே நகரிலே வார்த்த எழுத்துகள் தரங்கம்பாடிக்கு, சீகன்பால்குவிடம் வந்து சேர்ந்தன. பருமனான எழுத்துகள், தாளைத் தின்று தீர்த்தன. எனவே சிறிய எழுத்தைப் பொறையாற்றிலேயே வார்த்தனர். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியின் ஈய உறையை உருக்கினர் என்பர். கலைமகள் குடியிருப்பதாகக் கூறப்பட்ட எழுத்து பிறந்த இடத்தைப் பார்த்தீர்களா?

1761-இல் புதுச்சேரியை வென்ற ஆங்கிலேயர், அங்கிருந்த அச்சுப்பொறியைச் சென்னைக்குக் கொணர்ந்து வேப்பேரியிலிருந்த பப்ரிசியசிடம் ஒப்படைத்தனர். கும்பினியார் வேலைக்கே முதலிடம் என்பது நிபந்தனை. 1835-இல் மெட்காப் சட்டம் உரிமக் கட்டுப்பாட்டை நீக்கிய பின்னரே, தமிழர் அச்சகங்கள் பெருகின.

அச்சகம் நடத்திய பெரியாருக்கு அச்சுக் கோப்பவரின் இடர் தெரியும். 'கா' என்பதற்கு ஒரு கால் போதும். 'ணா, றா, னா' என்பவற்றுக்கோ தனித்தனி வார்ப்பு! 'லை, னை' போன்றவற்றுக்கு யானைத் துதிக்கை! அந்தத் துதிக்கையிலே சிக்கித் திணறியது பள்ளிக் குழந்தையுந்தான். மற்ற எழுத்துகளுக்குப் பொருந்தும் குறி இவற்றுக்கு மட்டும் ஏன் ஆகாது என்று கேட்டார் அவர். புலவர் குழுவின் இசைவுக்குக் காத்திராமல், 1935-இல் 'குடிஅரசு' ஏட்டிலே அச்சிட்டே காட்டினார்.

அரசு ஆணை வந்தது 1978 அக்டோபரில். பெரியார் மறைந்து ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆகிவிட்டன!

ஐ, ஔ இரண்டையும் நீக்கி அய், அவ் என்று எழுதலாம் என்றும் அவர் சொன்னார். அதை ஆணை ஏற்கவில்லை. 'அய்ந்து' என்றே அச்சிடும் 'விடுதலை' நாளேடு, அதே வேப்பேரியிலிருந்துதான் வெளிவருகிறது.