சித்திரகவியும் சிங்கை நகரும்

சிங்கையில் தமிழ் அச்சேறிய தொடக்க காலத்தைக் கூறப் புகுவோர் 1887ஆம் ஆண்டைத் தவறாமல் சுட்டுவர். சி.கு. மகுதூம் சாயபுவை ஆசிரியராகக் கொண்ட 'சிங்கை நேசன்' வார இதழ் தோன்றியது அவ்வாண்டில்தான். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையைச் சேர்ந்த சி.ந. சதாசிவ பண்டிதரின் சிங்கைநகர் அந்தாதி அச்சு வடிவம் பெற்றதும் அவ்வாண்டிலேயே. அதனோடு அவர் இயற்றிய 'சித்திரகவிகள்' என்பதும் இந்நகரில் அச்சேறியது.

ஊரின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கியிருப்பதால் அந்தாதிக்கு இலக்கிய வரலாற்றில் ஓர் இருக்கை கிடைத்துவிட்டது. 1893இல் வெளிவந்த ரெங்கசாமி தாசனின் குதிரைப் பந்தய லாவணி, அக்கால நகர வாழ்வைக் கண்முன் நிறுத்துவதால் விரிவாகவே பேசப்படுகின்றது. சித்திரகவிகளோ பட்டியலில் ஒரு பெயராக நின்றுவிடுகின்றன. சிங்கையின் தெருக்களையும் துறைமுகத்தையும் தேடிச் செல்லும் ஆய்வாளருக்கு அவற்றில் கிடைப்பது ஏதுமில்லை என்பது உண்மையே. ஆயினும் கடல் கடந்து வந்த தமிழர் எத்தகைய கல்வியை உடன் கொண்டு வந்தனர் என்று கேட்போருக்கு அந்தத் தலைப்பு ஒன்றே பெரிய சான்றாகும்.

பாட்டியல் நூலார் கவிகளை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நால்வகைப்படுத்துவர். அகப்பொருள் விளக்கம் செய்த நம்பிக்கு 'நாற்கவிராசன்' என்னும் சிறப்புப் பெயர் வாய்த்தது இந்நான்கிலும் வல்லவர் என்பது பற்றியே. சித்திரகவியாவது, எழுத்துக்களைக் குறித்த ஒரு கட்டத்திலோ உருவத்திலோ அமைத்தும், மறைத்தும், மாற்றியும் பாடுவது. தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் இதில் பன்னிரு வகை கூறுகின்றது. அவற்றுட் சிலவற்றை எழுதிப் பார்த்தாலன்றி இக்கலையின் சுவை விளங்காது.

இரண்டு அடிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மேலடியில் ஓரெழுத்தும் கீழடியில் ஓரெழுத்துமாக மாறி மாறிப் படித்தாலும் அவ்வடிகளே வருவது கோமூத்திரி. நடந்துகொண்டே நீர்விடும் மாடு மண்ணில் இடும் வளைகோட்டினை நோக்கி இப்பெயரிட்டனர். பெயரைக் கண்டு மாணவர் நகைப்பர், நகைத்தபின் மறவார். இதன் இரகசியம் எளியது. இரண்டு அடிகளிலும் ஒன்றுவிட்ட எழுத்துக்கள் ஒத்திருக்க வேண்டும்; எஞ்சியவை வேறுபடலாம். சுழிகுளம் இதனினும் கடியது. எட்டெழுத்துக் கொண்ட நான்கு வரிகளைக் கட்டமிட்டு எழுதி, முதல் நிரலில் மேலிருந்து கீழிறங்கிக் கடைசி நிரலில் கீழிருந்து மேலேறினால் முதல் வரி மீண்டும் கிடைக்கும். இரண்டாம் நிரலில் இறங்கி ஏழாம் நிரலில் ஏறினால் இரண்டாம் வரி. இவ்வாறே உள்நோக்கிச் சுழன்று செல்ல, குளத்து நீர்ச்சுழி போல் செய்யுள் முழுதும் திரும்ப வரும். நாகபந்தத்தில் இரண்டு பாம்புகள் பின்னிக் கிடக்கும். அவற்றின் உடல்கள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் நிற்கும் ஓரெழுத்து இரு செய்யுட்கும் பொதுவாகும். நான்காம் அடியின் எழுத்துக்களெல்லாம் முன் மூன்றடிகளுள் ஒளிந்திருப்பது கூடசதுக்கம். 'கவலை' என்பதில் முதலெழுத்து நீங்க 'வலை' ஆவது போல, எழுத்தைக் குறைத்துக் குறைத்து வேறு வேறு சொல் காண்பது அக்கரச்சுதகம்.

இவ்வனைத்திற்கும் அடிப்படை தமிழ் எழுத்தின் இயல்பு. 'விகடகவி' என்பதைத் திருப்பிப் படித்தாலும் அதுவே வருவதற்குக் காரணம், 'வி' என்பதை நாம் ஓரெழுத்தாகக் கொள்வதே. மெய்யும் உயிருமாகப் பிரித்துப் பின்னிருந்து அடுக்கினால் அச்சொல் சிதைந்து போகும். உயிர்மெய்யைப் பிளவுபடாத ஓர் அலகாகக் கருதும் வழக்கம் நம் நெடுங்கணக்கில் ஊறியது. சித்திரகவி பாடியவன் அவ்வலகைச் சதுரங்கக் காயைப் போலக் கையில் எடுத்து வைத்து விளையாடினான். எழுத்திலக்கணத்தை நூற்பாவாக மட்டும் கற்ற மாணவனுக்கு இவ்வுணர்ச்சி எளிதில் வருவதில்லை.

இக்கலை பிற்காலப் புலவரின் வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் ஏழாம் நூற்றாண்டுத் தேவாரத்தை நோக்குதல் வேண்டும். திருஞானசம்பந்தர் சீகாழியின் பன்னிரு பெயர்களையும் வைத்துச் சக்கரமாற்றும் கோமூத்திரியும் பாடியுள்ளார். ஒவ்வொரு பாட்டும் திருப்பிப் படித்தால் அதுவேயாக வரும் மாலைமாற்றுப் பதிகமும் அவருடையது. அவர் பாடிய திருவெழுகூற்றிருக்கையில் எண்கள் ஒன்று, இரண்டு, ஒன்று எனவும், ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று எனவும் ஏறியும் இறங்கியும் ஏழுவரை செல்லும். கட்டமிட்டு எழுதினால் தேர் உருவம் தோன்றுவதால் இதனை இரதபந்தம் என்றும் வழங்குவர். திருமங்கையாழ்வார் குடந்தைப் பெருமாளையும், அருணகிரிநாதர் சுவாமிமலை முருகனையும் இவ்வமைப்பிற் பாடினர். பழைய உரைகாரர் இதற்குத் தரும் விளக்கம் மிக இனியது. சிறுபிள்ளைகள் ஏழு அறை வகுத்து அவற்றுட் புகுந்தும் மீண்டும் ஆடும் விளையாட்டோடு இதனை ஒப்பிடுகின்றனர். பக்தி இலக்கியத்தின் உயர்ந்த பாட்டொன்றிற்குத் தெருப்பிள்ளைகளின் ஆட்டத்தை உவமையாகக் கூற அவர்கள் சிறிதும் தயங்கவில்லை.

வடமொழியிலும் பாரவி, மாகன் முதலியோர் தம் காவியங்களில் ஒரு சருக்கத்தையே இவ்விளையாட்டுக்கு ஒதுக்கினர். காஞ்சியில் வாழ்ந்த தண்டி காவியாதர்சத்தில் இதற்கு இலக்கணம் வகுத்தார். அவருடைய தசகுமார சரிதத்தில் ஒரு கதைமாந்தன், உதடு புண்பட்டிருப்பதால், இதழ் ஒட்டும் ஒலிகளே வாராமல் தன் வரலாற்றைச் சொல்கின்றான். தமிழில் சிவப்பிரகாசர் 17ஆம் நூற்றாண்டில் பாடிய திருச்செந்தூர் நிரோட்டக யமக அந்தாதி இதழ் ஒட்டாமை, யமகம், அந்தாதி என மூன்று கட்டுக்களையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னர்த் திருக்குருகைப் பெருமாள் கவிராயர் தம் மாறனலங்காரத்தில் சித்திரகவியின் வகைகளை மேலும் பெருக்கியிருந்தார்.

பெருகியதே இக்கலைக்குக் கேடாயிற்று எனலாம். கட்டத்தை நிரப்புவதே நோக்கமாகிய பின்னர்ப் பொருள் நலிந்தது. உரையின்றி ஓரடியும் விளங்காத செய்யுட்கள் மலிந்தன. 9ஆம் நூற்றாண்டிலேயே ஆனந்தவர்த்தனர், சித்திரம் கவிதையின் போலியே அன்றிக் கவிதையன்று என்று தீர்ப்பளித்திருந்தார். தமிழில் அத்தீர்ப்பை நகைச்சுவையாக வழங்கியவர் பாரதியார். சின்னச் சங்கரன் கதையில் நாகபந்தம், இரதபந்தம் என்று அடுக்கி வந்தவர், அவற்றோடு 'தீப்பந்தம்' என்பதையும் சேர்த்துவிட்டார். சமீன்தாரின் பரிசிலுக்காகச் சொற்களைக் கட்டி வைத்த புலவர் கூட்டத்திற்கு அந்த அடி தகும். ஆனால் அடி அவர்கள்மேல் மட்டும் விழவில்லை. அதன்பின் வந்த திறனாய்வாளர் பலர் சம்பந்தரின் மாலைமாற்றையும் அரண்மனைப் புலவரின் வெற்றுக்கட்டையும் ஒரே கோணியில் இட்டுக் கட்டிவிட்டனர். கலையின் உயர்வு தாழ்வை அதில் விளைந்த மோசமான பாட்டைக் கொண்டு அளப்பதாயின் வெண்பாவும் தேறாது.

புதுமை நாட்டமும் சித்திரகவி ஈடுபாடும் ஒன்றுக்கொன்று பகை என்பதும் சரியன்று. 'பரிதிமாற் கலைஞர்' எனத் தனித்தமிழ்ப் பெயர் பூண்ட வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார், ஆங்கிலத்தின் பதினான்கடிப் பாட்டு வடிவைத் தம் தனிப்பாசுரத் தொகையில் தமிழுக்குக் கொணர்ந்தவர். சித்திரகவி விளக்கம் எழுதியவரும் அவரே.

இவற்றை மனத்திற்கொண்டு 1887க்குத் திரும்பினால் சதாசிவ பண்டிதரின் முயற்சி வேறு ஒளியில் தோன்றும். சித்திரகவி ஓலையிலும் எளிதில் அமைவதன்று; ஓலை நீண்டு குறுகியது, பாம்பும் தேரும் அதில் விரிந்து படமாட்டா. ஈய எழுத்துக்களை நேர்வரியில் கோக்கும் அச்சுக்கோப்பாளருக்கும் அது தொல்லையே. ஆகவே செய்யுளை வரியாகப் பெற்ற வாசகன், தானே கோலெடுத்துக் கட்டம் கீறி, எழுத்தெண்ணி இட்டு, உருவம் எழக் கண்டாலன்றிப் பாட்டு நிறைவுறாது. அவ்வாறு கையால் படிக்கக்கூடியவன் தண்டியலங்காரமாவது அதன் வழிவந்த பாடமாவது கேட்டவனாக இருத்தல் வேண்டும். கப்பல் துறையிலும் கடைத்தெருவிலும் உழைத்த தமிழரிடையே அத்தகையோர் சிலராவது இருப்பர் என்னும் நம்பிக்கை பண்டிதருக்கு இருந்திருக்க வேண்டும். இல்லையேல் அச்சுக்குக் கொடுத்திரார்.

பழம்பொருள் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொணர்ந்தவராகவும் அவரைக் கருதுவதற்கில்லை. சதுரங்கபந்தம், மயூரபந்தம், துவிதநாகபந்தம் முதலியன பாடிய பாம்பன் சுவாமிகள் 1929 வரை வாழ்ந்தவர். 1887இல் சூரியநாராயண சாஸ்திரியார் பதினேழு வயது இளைஞர். தீப்பந்தம் எறியப் போகும் பாரதியாருக்கு அவ்வாண்டின் இறுதியில்தான் ஐந்து வயது நிரம்பியது.