ஃபோர்ட்

மதில் சூழ்ந்த அரணிடத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல். ‘வலிய’ எனப் பொருள்படும் ‘ஃபோர்ட்டிஸ்’ என்ற இலத்தீன் அடைமொழியிலிருந்து வந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூவர் மொழியிலும் உண்டு. தமிழர் கோட்டை என்றனர்.

இலங்கையின் கிழக்குக் கரையில், குச்சவெளியிலிருந்து கரையோர வீதி வழியே தெற்கே போனால் திருகோணமலையில் இதன் சான்றைக் காணலாம். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களாலேயே கோட்டை எழுப்பினர். கடலுக்குள் நீண்ட மலைமுனையின் கழுத்தை மதில் குறுக்கே அடைக்கிறது. மற்றப் பக்கங்களில் செங்குத்துப் பாறையே காவல். வாயிற்சுவரில் பதிந்த பழங்கல்லில் பாண்டியர் சின்னமான இணைக்கயல் இன்றும் தெரிகிறது. கோயிலை இடித்தது ஈழத்துச் சைவருக்கு ஆறாத வடு. 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் கோட்டையைக் கைப்பற்றினர். ‘ஃபோர்ட் பிரெட்ரிக்’ என்பது 1803இல் வைத்த பெயர். மீளக் கட்டிய கோணேசர் கோயிலுக்குப் போகும் பக்தர்கள் இந்த வாயிலைக் கடந்தே செல்கின்றனர்.