ஒலிபரப்பில் நடுவு நிலைமை



நடுவு நிலைமை என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், அதில் சான்றோருக்குத் துலாக்கோலை உவமையாகக் காட்டினார். துலாக்கோலுக்கு இரண்டு குணங்கள் உண்டு. எடையிடும் முன் அதன் தட்டுகள் சமமாக நிற்கும். எடையிட்ட பின், பாரம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தாழும். முதற்குணத்தை மட்டும் போற்றி இரண்டாவதை மறந்துவிட்டால் என்ன நேரும்? பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமாகிய பி.பி.சி., பருவநிலை மாற்றத்தைப் பற்றிச் செய்தி கூறிவந்த வரலாறு இக்கேள்விக்கு நல்ல விடை தருகிறது.

பி.பி.சி. 1922-ஆம் ஆண்டில் ஒரு தனியார் நிறுவனமாகத் தோன்றியது. ஜான் ரீத் என்பவர் அதனை நிருவகித்தார். 1926-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரிட்டனில் பொது வேலைநிறுத்தம் மூண்டு, ஒன்பது நாள்கள் நீடித்தது. அச்சுத் தொழிலாளரும் அதில் சேர்ந்தமையால் செய்தித்தாள்கள் பெரும்பாலும் முடங்கின. செய்தி அறிய மக்கள் வானொலியையே நாடினர். அப்போது நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், வானொலியை அரசாங்கம் கைப்பற்றிக்கொள்ள வேண்டும் என்றார். ரீத் அதற்கு இணங்கவில்லை. பிரதமர் பால்டுவினும் வானொலியைக் கைப்பற்றாது விட்டார்.

தொழிற்சங்கங்களின் அறிக்கைகளும் அந்நாள்களில் செய்தியில் வாசிக்கப்பட்டன. ஆயினும் தொழிற்கட்சித் தலைவர் ராம்சே மெக்டொனால்டுக்கு ஒலிவாங்கி மறுக்கப்பட்டது. சமரசம் வேண்டிக் கேன்டர்பரிப் பேராயர் விடுத்த அறிக்கையும் உடனே ஒலிபரப்பாகவில்லை. ஆகவே அன்றைய நடுவு நிலைமை முழுமையானதன்று. 1927-ஆம் ஆண்டில் பி.பி.சி. அரச சாசனம் பெற்ற பொதுக் கழகமாயிற்று. சர்ச்சைக்குரிய பொருளில் இரு தரப்புக்கும் இடமளிக்க வேண்டும் என்ற நெறி, காலப்போக்கில் அதன் ஊழியருக்கு இரண்டாம் இயல்பாகிவிட்டது.

அரசியலுக்கு இந்நெறி பெரிதும் பொருந்தும். அங்கே தீர்ப்பளிப்பவர் வாக்காளர். ஒரு கட்சிக்கு ஐந்து நிமிடம் தந்தால் மற்றக் கட்சிக்கும் ஐந்து நிமிடம் தருவதே முறை. ஆனால் காற்றில் கரியமில வாயு எவ்வளவு, கடல்நீரின் வெப்பம் எவ்வளவு என்னும் கேள்விகளுக்கு வாக்கெடுப்பினால் விடை காண இயலாது. அளந்து பார்த்தே விடை காண வேண்டும்.

அந்த அளவைகள் நேற்று முளைத்தவையும் அல்ல. கரியமில வாயு வெப்பத்தை ஈர்த்து வைத்துக்கொள்வதை 1859-ஆம் ஆண்டில் லண்டனில் ஜான் டிண்டால் ஆய்வுக்கூடத்திலேயே காட்டினார். அவ்வாயு பெருகினால் பூமியின் வெப்பம் எவ்வளவு உயரும் என்று 1896-இல் சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரேனியஸ் கணக்கிட்டார். 1958-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் சார்லஸ் கீலிங், ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் காற்றைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார். அப்போது ஒரு மில்லியன் பங்கு காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. 2024-இல் அது 420 பங்கினையும் கடந்துவிட்டது.

1988-ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டு நிறுவனங்கள் பருவநிலை மாற்றத்தை ஆராய்வதற்கென்று ஓர் அனைத்துலகக் குழுவை அமைத்தன. அக்குழுவின் அறிக்கைகளை வரிசையாகப் பார்த்தால் துலாக்கோல் தாழ்ந்துவந்த விதம் தெளிவாகும். மனிதரின் செயல் பருவநிலையைப் பாதிப்பதாகச் சான்றுகள் காட்டுகின்றன என்று 1995-இல் அடக்கமாகச் சொன்னது. அண்மைக்கால வெப்ப உயர்வின் பெரும்பகுதிக்கு மனிதரே காரணம் என்பதற்கு நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வாய்ப்பு உண்டு என்று 2007-இல் கூறிற்று. 2013-இல் அது தொண்ணூற்றைந்து ஆயிற்று. 2021-இல் ஐயத்துக்கே இடமில்லை என்று அறிவித்தது.

தட்டு இவ்வாறு தாழ்ந்துகொண்டே வந்தபோதிலும், ஒலிபரப்புக் கூடத்தின் வழக்கம் எளிதில் மாறவில்லை. ஒரு விஞ்ஞானியை அழைத்தால், அவரை மறுத்துப் பேச வேறொருவரையும் அழைக்கும் பழக்கம் நீடித்தது. சமைத்துக்கொண்டோ கார் ஓட்டிக்கொண்டோ கேட்கும் நேயர் என்ன எண்ணுவார்? அறிஞர் உலகம் சரிபாதியாகப் பிளவுபட்டிருக்கிறது என்றுதானே எண்ணுவார்? சொல்லப்பட்ட சொற்கள் போக, ஒதுக்கப்பட்ட நேரமும் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறது.

பி.பி.சி. இதனை உணராமலில்லை. 2007-ஆம் ஆண்டில் அதன் அறக்காப்பு மன்றம் நடுவு நிலைமை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. சிறுவர் ஆடும் சாய்ந்தாடு பலகையைப் போல் இரண்டே தரப்பு என்று நினைத்த காலம் போய்விட்டது. பல ஆரங்கள் கொண்ட வண்டிச் சக்கரமே இனி ஏற்ற உவமை என்றது அவ்வறிக்கை. பருவநிலையைப் பொறுத்தவரை மறுப்பாளருக்குச் சம இடம் தருவதற்குச் சான்றின் பளு இடங்கொடுக்கவில்லை என்று கூறிய அது, அவர்கள் குரல் அறவே ஒலிக்கக்கூடாது என்று சொல்லவில்லை.

அதே ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. பருவநிலை மாற்றத்தைக் குறித்து நாள் முழுவதும் சிறப்பு ஒளிபரப்பு நடத்தும் திட்டமொன்று கைவிடப்பட்டது. பிரசாரம் செய்வது பி.பி.சி.யின் வேலையன்று எனச் செய்திப் பிரிவின் மூத்தவர் சிலர் எண்ணியிருந்தனர். உண்மையைச் சொல்வது வேறு, இயக்கம் நடத்துவது வேறு என்ற இந்த அச்சத்தையும் நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

2011-ஆம் ஆண்டில், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் மரபியல் பேராசிரியர் ஸ்டீவ் ஜோன்ஸ், பி.பி.சி.யின் அறிவியல் செய்திகளை ஆராய்ந்து அறிக்கை தந்தார். அவற்றின் தரத்தைப் பாராட்டிய அவர், சமநிலை விதியை மிக இறுக்கமாகப் பின்பற்றுவதால் ஓரத்தில் நிற்கும் கருத்துகளுக்கு அளவுமீறிய இடம் கிடைக்கிறது என்று குறை கூறினார்.

அறிக்கை வந்ததும் பழக்கம் போய்விடவில்லை. 2014 பிப்ரவரியில், இங்கிலாந்தில் வெள்ளம் சூழ்ந்திருந்த வேளையில், பருவநிலை அறிஞர் பிரையன் ஹோஸ்கின்ஸும் முன்னாள் நிதியமைச்சர் நைஜல் லாசனும் காலைச் செய்தி நிகழ்ச்சி ஒன்றில் எதிரெதிரே அமர்த்தப்பட்டனர். நேயர்கள் முறையிட்டனர்; முறையீட்டை பி.பி.சி.யே ஏற்றுக்கொண்டது. 2017 ஆகஸ்டில் அதே நிகழ்ச்சிக்கு லாசன் மீண்டும் வந்தார். கடந்த பத்தாண்டுகளில் உலகின் சராசரி வெப்பநிலை சற்றுக் குறைந்திருக்கிறது என்றார். உண்மையில் 2014, 2015, 2016 ஆகிய மூன்று ஆண்டுகளும் ஒன்றையொன்று விஞ்சி வெப்பச் சாதனை படைத்தவை. பேட்டி கண்டவர் இதனை எடுத்துக்காட்டவில்லை.

2018 ஏப்ரலில் ஒலிபரப்புக் கண்காணிப்பு அமைப்பாகிய ஆஃப்காம், இப்பேட்டி விதியை மீறியது என்று தீர்ப்பளித்தது. இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். லாசனை அழைத்ததே குற்றம் என்று அது கூறவில்லை. அவர் கூற்றுகள் போதிய மறுவினாவின்றி நேயரின் செவியை எட்டியதே குற்றம் என்றது. அவ்வாண்டு செப்டம்பரில் பி.பி.சி. தன் செய்தியாளருக்கு வழிகாட்டுக் குறிப்பு ஒன்றை அனுப்பியது. இவ்விஷயத்தில் முன்னர்ப் பலமுறை தவறியிருக்கிறோம் என்று ஒப்புக்கொண்ட அக்குறிப்பு, விவாதத்தைச் சமன்செய்ய ஒரு மறுப்பாளர் தேவையில்லை என்றும் கூறியது. முடிந்துபோன காற்பந்து ஆட்டத்தின் கோல் கணக்கை மறுக்க எவரையும் அழைப்பதில்லை அன்றோ என்பது அதில் காட்டப்பட்ட உவமை.

அப்படியானால் இருதரப்பு வாதத்துக்கு இடமே இல்லையா? நிறைய உண்டு. நிலக்கரியை எவ்வளவு விரைவில் கைவிடுவது, அணு உலை வேண்டுமா, காற்றாலை போதுமா, இதற்கெல்லாம் ஆகும் செலவைச் செல்வந்த நாடு ஏற்பதா ஏழை நாடு ஏற்பதா, வேலையிழக்கும் சுரங்கத் தொழிலாளிக்கு என்ன வழி? இவை கொள்கைக் கேள்விகள். இவற்றில் பல தரப்பினரையும் அழைத்துப் பேசவிடுவதே ஒலிபரப்பாளரின் கடமை. எது அளவை, எது கொள்கை என்று பிரித்தறியாத இடத்தில்தான் குழப்பம் பிறக்கிறது. அளவையில் வீண் வழக்காடிக் கழியும் நேரமெல்லாம், கொள்கையைப் பற்றி மக்கள் பேசியிருக்க வேண்டிய நேரம்.

1926-இல் வானொலியைத் தனக்கே உரியதாக்க முயன்றது அதிகார பீடம். அதற்கு இணங்காதிருக்கத் துணிவு தேவைப்பட்டது. சான்றின் பாரம் இருக்கும் தட்டைத் தாழவிடுவதற்கும் அத்தகைய துணிவு வேண்டும். தட்டு தாழ்ந்ததைக் கண்டு, ஒலிபரப்பாளர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்று சிலர் குறை சொல்லக்கூடும். எடை போடுபவர் அதற்கு அஞ்சித் தட்டைக் கையால் தூக்கிப் பிடிப்பாரானால், நட்டம் பொருள் வாங்க வந்தவருக்கே. செய்தியைப் பொறுத்தவரை அவ்வாறு வாங்க வந்தவர் நேயராகிய நீங்கள்தாம்.